துவர்ப்பு நமக்குத் தெரியாதா என்ன?

காரைக்காலில் பிறந்து, 1993இல் பிரான்ஸ் போய், டிஜோன் நகரத்து உணவகங்களில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மேசையில் ஒயின் ஊற்றும் பரிமாறுபவராக ஓய்வு பெற்றவர் இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

ஐயா, வேலைக்காகப் பிரான்ஸ் வந்து ஆறு மாதம் ஆகிறது. அடுத்த சனிக்கிழமை மேலாளர் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு. வெள்ளை ஒயின், சிவப்பு ஒயின் என்று மாற்றி மாற்றி ஊற்றுவார்களாம். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் என்ன சொல்வது? கையில் என்ன வாங்கிக்கொண்டு போவது?
*வாசகர், லியோன்*

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் தப்பித்துக்கொள்ளலாம்.

1995 குளிர்காலம். எங்கள் வீட்டுக்கு மேல் மாடியில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். அவர் காய்ச்சலில் கிடந்தபோது என் மனைவி நாலு நாள் மிளகு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். உடம்பு தேறியதும் எங்கள் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று கடையில் பார்க்கப் பளபளவென்று இருந்த ஒரு போர்தோ சிவப்பு ஒயினை வாங்கிக்கொண்டு போனேன். டிஜோன் என்பது பர்கண்டி என்ற ஒயின் பகுதியின் தலைநகரம். போர்தோ அதற்குப் போட்டியான வேறொரு ஒயின் பகுதி. அங்கே போர்தோ பாட்டிலோடு போய் நிற்பது, திருநெல்வேலிக்காரர் வீட்டுக்கு வேறு ஊர் அல்வா வாங்கிக்கொண்டு போகிற மாதிரி. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

மதாம் (அந்த டீச்சரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மூக்குக் கண்ணாடியை இறக்கி லேபிளைப் படித்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரி, வந்தவனுக்கும் ஒரு வேலை கொடுப்போம்" என்று பாட்டிலை உள்ளே கொண்டுபோனார்.

மேசையில் ஆளுக்கு நாலு கிளாஸ். ஒவ்வொன்றிலும் 50 மில்லிதான் இருக்கும். இரண்டு வெள்ளை: பூஸ்ரோன் ஊரில் அலிகோத்தே என்ற திராட்சையில் செய்த சாதாரண ஒயின் ஒன்று, ஷார்தனே திராட்சையில் செய்து ஓக் பீப்பாயில் வைத்த மெர்சோ ஒன்று. மெர்சோ விலை கூடின சரக்கு, அவருடைய பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்ததாம். இரண்டு சிவப்பு: டிஜோனை ஒட்டியே இருக்கும் மர்சனே ஊரில் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையில் செய்த ஒயின், அப்புறம் நான் கொண்டுபோன போர்தோ. "சாப்பாடு முடிகிற வரைக்கும் இவ்வளவுதான். ஒவ்வொரு பதார்த்தத்தோடும் நாலையும் குடித்துப் பார்க்க வேண்டும். எது சரி என்று நான் சொல்லமாட்டேன்" என்றார். டீச்சர் அல்லவா, பரீட்சை வைக்காமல் சோறு போட மாட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விதி மட்டும் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஒரு வாய் சாப்பாடு. விழுங்கியதும் ஒரு வாய் ஒயின். அதன்பிறகு மறுபடியும் அதே சாப்பாட்டில் ஒரு வாய். அந்த மூன்றாவது வாயைக் கவனிக்கச் சொன்னார். சாப்பாடு முன்னைவிட ருசியாக இருந்தால் ஜோடி சரி. மங்கிப்போனால் ஜோடி தப்பு. மூன்றாவது வாயிலும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்த ஒயினுக்குப் பதில் தண்ணீரே குடிக்கலாம். பிற்பாடு இருபது வருஷம் பணக்கார மேசைகளில் ஊற்றியிருக்கிறேன். இதைவிட உருப்படியான விதியை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் வந்தது கூஜேர். சீஸ் கலந்த மாவை அடுப்பில் வேகவைத்த உப்பலான உருண்டை. ஆப்பிள் பழம் அளவு, உள்ளே காற்று. சூடாகப் பிட்டால் ஆவி வரும். அதோடு அலிகோத்தேயைக் குடித்ததும் கன்னத்தின் இரண்டு பக்கமும் எச்சில் சுரந்தது, மாங்காயைப் பார்த்த மாதிரி. அந்தப் புளிப்பு சீஸின் கொழுப்பை நாக்கிலிருந்து வழித்து எடுத்தது. நான் மூன்று உருண்டை தின்றுவிட்டேன்.

அடுத்தது மீன். ட்ரௌட் என்ற ஆற்று மீனை முழுசாக வெண்ணெயில் பொரித்து, சீவிய பாதாம் தூவி வைத்தார். இங்கேதான் மெர்சோ எழுந்து நின்றது. அந்த ஒயினிலேயே வெண்ணெய் வாசமும் வறுத்த கொட்டை வாசமும் இருந்தன. மீன் தட்டும் கிளாஸும் ஒரே அடுப்பில் சமைத்த மாதிரி. அலிகோத்தேயும் மோசமில்லை, எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்தது. பரீட்சை எழுத வேண்டுமே என்று போர்தோவையும் ஒரு வாய் குடித்தேன். துருப்பிடித்த கரண்டியை நக்கியது போல இருந்தது. மீனோ, விற்காமல் கிடந்து சாயங்காலம் கூடையோடு திரும்பி வந்த மீன் மாதிரி நாறியது. மீன் கெட்டுப்போனதோ என்று பயந்தேன். மதாம் சிரித்தார்.

அதற்குக் காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களைக் காய்ந்த ஸ்காலப் சிப்பியோடு ருசித்துப் பார்த்து எழுதினார்கள். குற்றவாளி ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு. இரும்பு கூடினால் நாற்றம் கூடுகிறது. அந்த இரும்பை வேறொரு பொருள் சேர்த்துக் கட்டிப்போட்டால் நாற்றம் குறைகிறது. ஆகவே "மீனுக்குச் சிவப்பு கூடவே கூடாது" என்பது வேத வாக்கு இல்லை. இரும்பு குறைந்த சிவப்பு மீனோடு ஒத்துப்போகும். ஆனால் எதில் இரும்பு எவ்வளவு என்று லேபிளில் போட மாட்டார்கள். வம்பு வேண்டாமென்றால் வெள்ளை.

மூன்றாவது கோக் ஓ வன். சேவல் கறியை முதல் நாளே சிவப்பு ஒயினில் ஊறப்போட்டு, உப்பிட்ட பன்றிக் கொழுப்புத் துண்டு, சின்ன வெங்காயம், காளான் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்த குழம்பு. இதற்கு முன்னால் அலிகோத்தே காணாமல் போனது, கல்யாணக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி. மர்சனே கச்சிதம், செர்ரிப் பழ வாசம், மழை பெய்த மண் வாசம் கொஞ்சம், குழம்பின் உப்போடு சேர்ந்து இனித்தது. என் மனைவி அப்போதுதான் முதல்முறையாகப் போர்தோவைத் தொட்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் தமிழில், "என்னங்க இது, நாவப்பழம் தின்ன மாதிரி நாக்கை இழுக்குது" என்றாள்.

மதாம் விடவில்லை. என்ன சொன்னாள், மொழிபெயர் என்றார். நாவற்பழத்தை எப்படி மொழிபெயர்ப்பது? வாழைப்பூ, கடுக்காய், கொட்டைப்பாக்கு என்று கையை ஆட்டி, கடைசியில் "துவர்ப்பு, எங்கள் ஊரில் அது ஆறு சுவையில் ஒன்று" என்றேன். அவர் எழுந்துபோய் நோட்டு கொண்டுவந்து அந்தச் சொல்லைத் தன் எழுத்தில் எழுதிக்கொண்டார். "இருபது வருஷம் ஒயின் குடிக்கிற எங்கள் ஆட்கள் டானின், டானின் என்று சொல்லிக்கொண்டு அது வாயில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முழிக்கிறார்கள். உன் மனைவி ஒரு வாயில் பிடித்துவிட்டாளே" என்றார்.

விஷயம் இதுதான். திராட்சைச் சாறு கறுப்புத் திராட்சையிலும் பெரும்பாலும் நிறமில்லாமல்தான் இருக்கும். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் புளிக்கவைக்கிறார்கள். சிவப்புக்குத் தோலும் விதையுமாகப் போட்டுப் புளிக்கவைக்கிறார்கள். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலிலிருந்து வருகின்றன, விதையிலிருந்தும் துவர்ப்பு இறங்குகிறது. துவர்ப்பைத் தரும் பொருள்தான் டானின். அது நம் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழவழப்பு போய் ஈறு வறண்டு இழுக்கிறது. வாயில் கொழுப்பும் புரதமும் வேறு இருந்தால் டானின் அவற்றோடு மல்லுக்கட்டப் போய்விடும், நம்மை விட்டுவிடும். மதாம் ஒரு துண்டு கோம்த்தே சீஸை என் மனைவி தட்டில் வைத்து, இப்போது குடி என்றார். அதே போர்தோ, பட்டு மாதிரி இறங்கியது. போன என் மானம் கொஞ்சம் திரும்பியது.

ஆகவே சனிக்கிழமை உங்களைக் கேட்டால் "காட்டுப் பழ வாசம், பதனிட்ட தோல் வாசம்" என்றெல்லாம் இட்டுக்கட்டாதீர்கள். வாயில் நடந்ததைச் சொல்லுங்கள். எச்சில் ஊறினால் புளிப்பு. ஈறு இழுத்தால் துவர்ப்பு. தொண்டையில் சுட்டால் ஆல்கஹால். "இந்த மீனோடு இந்த வெள்ளை இன்னும் நன்றாக இருக்கிறது" என்று ஒரு வரி சொன்னால் சமைத்தவருக்கும் வாங்கியவருக்கும் ஒரே கல்லில் சந்தோஷம்.

கொண்டுபோவதற்கு, வீட்டில் செய்த முறுக்கோ அதிரசமோ போதும். பாட்டில் கொடுத்தால் அன்றைக்கே திறப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். சாப்பாட்டுக்கு ஏற்ற ஒயினை அவர்கள் முன்பே எடுத்து வைத்திருப்பார்கள். பூ கொடுக்கலாம். சாமந்தி மட்டும் வேண்டாம். நமக்கு அது மங்களம். பிரான்சில் நவம்பர் முதல் தேதி கல்லறையில் வைக்கிற பூ.

சிவப்பு ஒயினை "அறை வெப்பத்தில்" குடிக்கச் சொல்கிறார்கள். எங்கள் அறை 33 டிகிரி. என்ன செய்ய?
*வாசகர், சென்னை*

அந்த "அறை" ஹீட்டர் வருவதற்கு முந்தைய பிரெஞ்சு வீட்டு அறை. உள்ளே கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பினோ நுவார் போன்ற இலேசான சிவப்புக்கு 14, 15 டிகிரி. கனமான சிவப்புக்கு 17 வரை போகலாம். உங்கள் வீட்டில் இரண்டு மணி நேரம் போல ஃபிரிட்ஜில் வையுங்கள். வெள்ளையை எடுத்து வெளியே பத்து நிமிடம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். பல்லைக் கூசவைக்கும் குளிரில் வாசனையே தெரியாது. சூடான சிவப்பில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

இன்னொன்று. நம் ஊர் "ஒயின் ஷாப்" பலகையை நம்பிப் போய் ஒயின் கேட்காதீர்கள். பிராந்திக்காரர்கள் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

நம் மீன் குழம்பு, கோழி வறுவலுக்கு எந்த ஒயின் பொருந்தும், அண்ணா? இங்கே விருந்தாளிகள் கேட்கிறார்கள்.
*வாசகி, டொராண்டோ*

புளிக் குழம்புக்கு எதுவும் பொருந்தாது, தங்கச்சி. சாப்பாட்டைவிட ஒயின் புளிப்பாக இருந்தால்தான் ஒயின் எடுபடும். நம் புளிக்கு முன்னால் எந்தத் திராட்சை நிற்கும்? அதற்கு மோர் கொடுங்கள்.

மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கூட்டிவிடும், டானின் அந்த எரிச்சலில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும். அதனால் வறுவலுக்குத் துவர்ப்பான சிவப்பு வேண்டாம். ஆல்கஹால் குறைந்த, இலேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் வாங்குங்கள். இனிப்பு காரத்தைத் தணிக்கும். தேங்காய்ப்பால் சேர்த்த குருமா என்றால் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் செய்யும் கெவூர்ஸ்த்ராமினர் என்ற வெள்ளை ஒயின். பேரின் முதல் பாதிக்கு ஜெர்மன் மொழியில் மசாலா என்றே பொருள். வாசனையோ அச்சு அசல் லிச்சிப் பழம். அல்சாஸ்காரர்கள் மூக்கைப் பொத்தவைக்கும் மன்ஸ்தர் சீஸைச் சீரகம் தூவி இதோடு சாப்பிடுவார்கள். சீரக வாசத்தோடு பழகிய ஒயின், நம் வீட்டுக்கு வந்தால் கூச்சப்படாது.

கண்ணைக் கட்டிவிட்டால் வெள்ளையா சிவப்பா என்றுகூட நிபுணர்களால் சொல்ல முடியாதாமே? அப்படியானால் இந்த ருசி பார்க்கிற விஷயம் எல்லாம் பம்மாத்துதானே?
*வாசகர், கோயம்புத்தூர்*

நீங்கள் கேள்விப்பட்டது போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2001இல் வெளியான சோதனையாக இருக்கும். அங்கே யார் கண்ணையும் கட்டவில்லை. ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயினை, மணமில்லாத சாயம் போட்டுச் சிவப்பாக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் அதன் வாசனையைச் சிவப்பு ஒயினுக்கு எழுதும் சொற்களிலேயே எழுதினார்கள். கண் மூக்கை ஏமாற்றியது. அதிலிருந்து தெரிவது வாசனை பொய் என்பதல்ல, கண் முந்திரிக்கொட்டை என்பதுதான்.

கண்ணைக் கட்டியும் நாங்கள் வீட்டில் பார்த்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கண்ணில் துண்டைக் கட்டி, நாலு ஒயினையும் ஒரே குளிரில் வைத்து, மனைவியும் மகளும் ஊற்றினார்கள். குளிர் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். இல்லையென்றால் கை பட்டதுமே தெரிந்துவிடும். மூன்றைச் சரியாகச் சொன்னேன். பீப்பாயில் வைத்த கனமான ஒரு ஷார்தனேயை இலேசான சிவப்பு என்று சாதித்தேன். இருபது வருஷத் தொழில்! மகள் அதை வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். அவள் கண்ணைக் கட்டினபோது ஊர், பேர் எதுவும் சொல்லவில்லை. "துவர்க்குது, சிவப்பு", "துவர்க்கல, வெள்ளை" என்று நாலுக்கு நாலு வாங்கினாள். அவள் மூக்கை நம்பவே இல்லை, ஈறைத்தான் கேட்டாள்.

விலையும் ஊரும் கண்ணை மறைக்கும் என்பது பழைய கதை. 1976 மே 24 அன்று பாரிஸில் பெயரை மறைத்து நடந்த போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே வெள்ளையிலும் சிவப்பிலும் கலிபோர்னியா ஒயினை முதலிடத்தில் வைத்துவிட்டார்கள். என் உணவக முதலாளி அந்தப் பேச்சை எடுத்தாலே சமையலறைக்குள் போய்விடுவார்.

நாங்கள் சுத்த சைவம். திராட்சைச் சாறுதானே, ஒயின் சைவம்தானே?
*வாசகி, சிங்கப்பூர்*

எல்லாம் அப்படி இல்லை, அம்மா. புது ஒயின் கலங்கலாக இருக்கும். அதைத் தெளியவைக்க முட்டையின் வெள்ளைக் கரு, பாலிலிருந்து எடுத்த கேசீன், சில சமயம் மீனின் காற்றுப்பையிலிருந்து செய்த பசை போடுவார்கள். அழுக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்கியதும் ஒயினை வடித்துவிடுவார்கள். ஐரோப்பாவில் முட்டை, பால் அதில் மிஞ்சியிருந்தால் லேபிளில் போட்டாக வேண்டும். மீன் பசைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பென்டோனைட் என்ற களிமண்ணால் தெளியவைப்பவர்களும் உண்டு, தேற்றாங்கொட்டை உரைத்துத் தண்ணீரைத் தெளியவைக்கிற மாதிரி. வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்று அச்சடித்த பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள்.

சைவச் சாப்பாட்டில் காளான் வறுவலுக்குப் பினோ நுவார் அருமையாக இருக்கும். வெள்ளைப் பூசணிக் கூட்டுக்கு எதுவும் வேண்டாம்.

குடியால் எத்தனை குடும்பம் தெருவுக்கு வந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? பத்திரிகையில் இதை ருசித்து ருசித்து எழுதுகிறீர்களே?
*வாசகி, மதுரை*

தெரியும், அக்கா. என் சித்தப்பா சாராயத்தில்தான் போனார். சித்தி அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருந்தார். ஒயின் வேறு, சாராயம் வேறு என்று நான் வாதாட மாட்டேன். 100 மில்லி ஒயினில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அது கல்லீரலிடம் பிரெஞ்சு பேசாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொன்னது. ஒயினைச் சோறு மாதிரி நினைக்கும் பிரான்சிலேயே, ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸுக்கு மேல் வேண்டாம், வாரத்துக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், குடிக்காத நாளும் இருக்கட்டும் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது.

குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். விருந்தில் ஊற்ற வந்தால் கிளாஸின் மேல் கையை வைத்தால் போதும், பிரெஞ்சுக்காரர் காரணம் கேட்க மாட்டார். கேட்டால் மருந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். தொழில்முறையில் ருசி பார்ப்பவர்கள் வாயில் சுழற்றித் துப்பிவிடுவார்கள். நானும் வேலை நேரத்தில் துப்பியவன்தான். என் மனைவி வெற்றிலைப் பழக்கம் உள்ளவள், என்னைவிட அழகாகத் துப்புவாள்.

பாதி பாட்டில் மீந்துவிட்டது. எத்தனை நாள் வைக்கலாம்?
*வாசகர், சூரிக்*

மூடியைப் போட்டு, வெள்ளையோ சிவப்போ ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். சிவப்பை வெளியே வைத்தால் மறுநாளே மங்கத் தொடங்கும். குடிக்க நன்றாக இல்லாவிட்டாலும் குழம்புக்கு ஆகும், ஆனால் கார்க் கெட்டு ஈர அட்டைப்பெட்டி வாசம் அடிக்கிற பாட்டிலைச் சமையலில் ஊற்றாதீர்கள். அந்த வாசம் அடுப்பிலும் போகாது.

மேல் வீட்டு மதாம் அடுப்பங்கரை மூலையில் ஒரு மண் ஜாடி வைத்திருந்தார். மேலே துணி கட்டியிருக்கும், அடியில் மரக் குழாய். மீந்த சிவப்பெல்லாம் அதில் போகும். உள்ளே ஒரு வழவழப்பான ஆடை மிதந்துகொண்டு அதை வினிகராக்கும். எங்களுக்கு ஊர் மாற்றலானபோது அந்த ஆடையில் ஒரு துண்டை ஊறுகாய் பாட்டிலில் போட்டு என் மனைவி கையில் கொடுத்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிரியாணி வெங்காயம் அந்த வினிகரில்தான் ஊறுகிறது.